இரண்டு பல்லும் ஒரு பேரிக்காய்த் தோட்டமும்

வேலை பிடிக்காமல் நான் ஆடலூரை விட்டு வரவில்லை. பல் ஆடியதால் வந்தேன். காப்பித் தோட்டத்தின் கடைசி வேலியும் பின்னால் போய், சாலை சரிவில் இறங்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் நின்று நாக்கால் தொட்டுப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் இருந்தன. தோட்டத்து மேஸ்திரி அவற்றைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சாக்கு தைக்கும் நூலால் கட்டிவிட்டிருந்தார். நல்ல மனுஷன். முதல் நாள் கட்டியதுதான், அதற்குள் நூல் ஊறி வாயெல்லாம் மிளகுச் சாக்கின் வாடை அடித்தது.

ஊர் சுற்றுகிறவனுக்குச் செருப்பை விடப் பல் முக்கியம். செருப்பு இல்லாமல் எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். வழியில் கிடைப்பதெல்லாம் கடித்துத் தின்கிற சாமான்: சுட்ட சோளக்கதிர், வறுகடலை, காய்ந்த ரொட்டி. எங்கள் கரிசல் பக்கத்துச் சந்தையில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் பிடுங்கிய பற்களையெல்லாம் சாக்கில் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குவியலில் என் கடைவாய்ப் பற்களும் உண்டு. என் அப்பாவுக்கு நாற்பது வயதில் வாய் காலி. பிறகு கூழைத் தவிர வேறெதையும் அவர் ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது முப்பது கூட முடியவில்லை. இந்த இரண்டும் போனால் பக்கத்தில் இருப்பவை ஒவ்வொன்றாகச் சாயும் என்று தெரியும். எங்கே போய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எண்பதுகள் முடியப்போகிற சமயம், ஆனி மாதம். மழை பெய்வதுபோலவும் பெய்யாததுபோலவும் மலை முழுக்க ஈரம். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கும். இங்கே தண்ணீர் பாறையிலிருந்து சும்மா ஒழுகிச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாச்சலூரில் ஒரு டீக்கடை. நடத்துகிற ராசம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய கனத்த ரொட்டியும் சாயம் இறங்கிய டீயும் கொடுத்தார். ரொட்டியைப் பிய்த்து டீயில் போட்டு, ஊறிய பிறகு விழுங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தேத்தண்ணியில குளிப்பாட்டித் திங்கிறீங்க. பல்லு நோவா?"

உதட்டை இழுத்துக் காட்டினேன். நூலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார். தன் வீட்டுக்காரருக்கு அவர் பல்லைப் பிடுங்காமல் முரசில் சதை வளர்த்துவிட்டாராம். முரசு என்று அவர் சொன்னது ஈறை. மேலண்ணத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி ஈறில் வைத்துத் தைத்தார்கள், நாற்று பிடிப்பதுபோல அது பிடித்துக்கொண்டது என்றார். உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரரை எழுப்பி வாயைத் திறந்து காட்டவும் சொன்னார். அந்த மனுஷன் தூக்கக் கலக்கத்தில் திறந்து காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஈறு நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து வாழைத்தார் ஏற்றிய ஒரு ஜீப். தார்களின் மேலே உட்காரச் சொன்னார்கள். காய்க்கு அடிபட்டால் இறக்கிவிடுவோம் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு வளைவிலும் காயைக் காப்பாற்றுவதா, பல்லைக் காப்பாற்றுவதா என்று இருந்தது. பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். டிரைவர் கவலையே படாமல் பீடியைப் பற்றவைத்து, பின்னால் வரும் ஜீப்பில் டயர் இருக்கும் என்றார். பின்னால் ஜீப் எதுவும் வரவில்லை. மீதியை நடந்தேன். அன்று இரவு தாண்டிக்குடி பஸ் நிற்கிற கொட்டகையில் இரண்டு நாய்களோடு படுத்தேன். நாய்கள் கதகதப்பாக இருந்தன.

காலையில் வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் காலியாகக் கிடந்த சீட்டில் உட்கார்ந்தேன். அதில் ஒரு சிவப்புத் துண்டு கிடந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் முழுக்க என்னைத் திட்ட ஆரம்பித்தது. துண்டுக்காரர் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம். பிறகு டீயை முடித்து, வெற்றிலையும் போட்டு, அவர் சாவகாசமாக ஏறி வந்தார். அதுவரை நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அந்தத் துண்டுக்குக் காவல் இருந்தார்கள். துண்டு போட்டவர் வருவதற்குள் வேறு யாரும் உட்காரக் கூடாது. நம் நாட்டில் எல்லா ஊர்ப் பஸ்ஸிலும் செல்லுபடியாகிற சட்டம் அது ஒன்றுதான். நான் எழுந்து நின்றபடியே கொடைக்கானல் வரை போனேன்.

சீசன் முடிந்த கொடைக்கானல், கல்யாணம் முடிந்த பந்தல் மாதிரி இருந்தது. ஏரியில் படகுகள் குப்புறக் கிடந்தன. குதிரைகள் மழையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. குதிரைக்காரர்கள் அவற்றைவிட அதிகமாகத் தொங்கப்போட்டிருந்தார்கள்.

பல் டாக்டரின் பெயர் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. நூலைக் கத்தரித்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது மாடு கட்டுற முடிச்சுல்ல? யாரு போட்டது?"

மேஸ்திரி என்றேன். எதில் பல் தேய்ப்பீர்கள் என்று கேட்டார். செங்கல் பொடி, கிடைக்காத ஊரில் சாம்பல் என்றேன். பித்தளைக் குடம் விளக்குவதற்கும் அதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கன்னத்தில் அடக்கியிருந்த புகையிலையையும் அவரே விரலால் எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரண்டு பல்லுக்கும் நடுவே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலி கடித்ததுபோல ஒரு பள்ளம். ராசம்மா வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் போனது வெளிச் சதை, அது சுலபம், உங்களுக்கு உள்ளே எலும்பே கரைந்திருக்கிறது என்றார். சாதாரணமாக இதைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கூடப் படித்த சிநேகிதி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. ஒரு சின்ன உறையை எடுத்து, பிரிக்காமல் காட்டினார். உள்ளே வெள்ளையாக, தபால்தலை அளவில் ஒரு தாள்.

ஈறைத் திறந்து பள்ளத்தைச் சுத்தம் பண்ணினால் அந்த இடத்தை இரண்டு பேர் பிடிக்க வருவார்கள் என்று விளக்கினார். "ஒண்ணு தோல், அது வெரசா வளரும். இன்னொண்ணு எலும்பு, அது மெல்லத்தான் வரும். தோல் முந்தி உள்ள எறங்கிருச்சுன்னா எலும்புக்கு எடமே கெடையாது. நடுவுல இந்த ஷீட்ட வச்சுத் தச்சுட்டா தோல் உள்ள வர முடியாது. எலும்பு வர்ற வரைக்கும் இது எடத்தப் புடிச்சு வச்சிருக்கும். பெறகு தானாக் கரைஞ்சு போயிரும். எடுக்க வேண்டியதில்ல."

"துண்டு போட்டு வைக்கிறது" என்றேன்.

அவர் சிரித்தார். அதேதான் என்றார். வீடு கட்டும்போது போடுகிற சாரத்தைச் சொல்லித்தான் இதுவரை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாராம். தாள் மாட்டுத் தசைநாரிலிருந்து செய்தது, அதில் ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டார். சிலர் வேண்டாம் என்று எழுந்து போயிருக்கிறார்களாம். எனக்கு எந்த ஊர்க் கடையிலும் எந்த இலையிலும் ஆட்சேபம் இருந்ததில்லை.

அப்புறம்தான் பேனாவை எடுத்து எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலதாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குப் பாத்துக்கிறலாம்ங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வந்தது மூன்று தாள் என்றார். ஒன்றை வைத்துக்கொண்ட ஆள் தையல்கூடப் பிரிக்காமல் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான். திரும்பி வந்தபோது வாய் அழுகியிருந்தது, தாளும் போச்சு, பல்லும் போச்சு. இன்னொன்று நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். இதற்கு இங்கேயே வீடுள்ள பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் காத்திருக்கிறார். வாரா வாரம் தன்னிடம் வந்து காட்ட வேண்டும், தேடினால் ஆள் கிடைக்க வேண்டும். நாளை மத்தியானத்துக்குள் இந்த ஊரில் ஒரு வேலை, ஒரு இடம், உங்களுக்காகச் சொல்ல ஒரு ஆள் என்று வந்தால் தாள் உங்களுக்கு. இல்லாவிட்டால் வாத்தியாருக்கு. மூட்டை தூக்குகிற வேலை ஆகாது, பல்லைக் கடித்துத்தான் தூக்குவீர்கள். கத்துகிற வேலையும் ஆகாது. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் இதுவரை எந்த ஊரிலும் நாளைக்கு இருப்பேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

வேலை தேடினேன். குதிரைக்காரர், இருக்கிற குதிரைக்கே புல் இல்லை என்றார். படகுத்துறையில் மழை விடட்டும் என்றார்கள். காய்கறி மண்டியில் கோஸ் மூட்டையைக் காட்டினார்கள். ஒரு ஓட்டல் மேனேஜர், டூரிஸ்டைக் கூவிக் கூப்பிடுவாயா என்று கேட்டார். பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் ரொட்டி சுடுகிற வாசனை வந்தது. அங்கே பாதிரியாரிடமிருந்து கடிதம் வேண்டுமாம். அவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. சாயங்காலம் மண்டி ஓரமாக ஒரு கடையில் ரவைக் கஞ்சி வாங்கி ஊதி ஊதிக் குடித்தேன். நன்றாக இருந்தது. மறுநாள் இதே நேரத்துக்குப் பழனி அடிவாரத்தில் இருப்பேன் என்றும், பஞ்சாமிர்தக் கடைகளில் பழம் உரிக்க ஆள் எடுப்பார்கள் என்றும் கணக்குப் போட்டேன். பழம் உரிக்கப் பல் வேண்டாம்.

"ஏலே, மிசன் ஆசுபத்திரி பெஞ்சுல ஒக்காந்திருந்தவன்தான நீயி?"

காலையில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண்மணி. பெயர் காசியம்மாள், வில்பட்டிக்காரர், ஐம்பது வயது இருக்கும். பல்செட் இறுக்கமாக இருக்கிறதென்று தேய்த்துவிட வந்தவர், கதவு திறந்திருந்ததால் என் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார். பேரிக்காய்த் தோட்டம் இருக்கிறதாம். காய் திரண்டு நிற்கிறது, காவலுக்கு ஆள் இல்லை.

"வாயத் தொற."

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலத் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பல்லை ஆட்டியும் பார்த்தார். உயிர் போனது.

"தையல் போட்டா பேரிக்காயக் கடிக்க முடியுமா?"

கடிக்கவே முடியாது, பல மாதம் கூடாதாம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. காரணத்தை அவரே சொன்னார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம்: தானாக விழுந்த காய் காவல்காரனுக்கு. வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது, உட்கார்ந்து எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம். அவருடைய மாமனார் காலத்திலிருந்து இருப்பதை இவர் மட்டும் மாற்ற முடியாது, மாற்றினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் எவன் காவலுக்கு வந்தாலும் அவன் இருக்கும் வரை தோட்டத்தில் காற்று ஓயாது. மரத்தை உலுக்கியே தின்றுவிடுகிறார்கள். போன வருஷத்துக்காரன் வந்தபோது ஒல்லி. போகும்போது சட்டையில் பொத்தான் போட முடியவில்லை.

"கடிக்க முடியாதவன்தாம்லே எனக்கு வேணும். ஆனா தையல் போட்டுட்டு வா. இப்ப ஆடுற பல்ல நம்ப மாட்டேன். கத்தி வச்சு அரிஞ்சு திம்ப. தச்ச வாயின்னா தையலுக்குப் பயந்து தொட மாட்ட."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை இருந்தால்தான் தையல் என்கிறார் டாக்டர். தையல் போட்டால்தான் வேலை என்கிறார் இவர். இரண்டையும் எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வெள்ளனே ஆசுபத்திரி வாசலுக்கு வந்துரு, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வில்பட்டி பஸ்ஸை ஓடிப் பிடித்தார்.

வருவாரா மாட்டாரா என்று இருந்தது. விடிந்ததும் பழனி பஸ் ஒன்று எனக்கு நேராகவே வந்து நின்றது. கண்டக்டர் உள்ளே இடம் இருக்கிறது என்று கையைக் காட்டினார். மனசு இருப்புக்கொள்ளவில்லை. ஏறவில்லை. ஏறாமல் இருந்ததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. முந்தின இரவு ஒரு பட்டாணிக்கடலையைக் கடித்திருந்தேன்.

வாசலில் காசியம்மாள் எனக்கு முன்பே நின்றிருந்தார். அறைக்குள் நடந்த பேரத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. இவர் எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள்வீர்களா என்று டாக்டர் கேட்டார். நிஜமாகவே இவனால் கடிக்க முடியாதுதானே என்று காசியம்மாள் கேட்டார். முன்பல் வைத்து எதையும் கடிக்கக் கூடாது, இந்தக் காய்ப்பு முழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கஞ்சி யார் தருவார் என்று டாக்டர் கேட்டார். கஞ்சி தன் வீட்டில் என்றார் காசியம்மாள். காவல்காரன் தின்கிறதில் கஞ்சிதான் மலிவு என்று என்னிடம் திரும்பித் தனியாகச் சொன்னார்.

"அந்தத் தாளு கரையாம நின்னுக்கிட்டா என்னம்மா செய்வீக?" என்றும் கேட்டார்.

"கரைஞ்சிரும். அதுக்குள்ள எலும்பு வந்து சேருமான்னுதான் சொல்ல முடியாது. எனக்கே இது புதுசுங்க."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சந்தையில் பல் பிடுங்குகிறவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அடுத்த தபாலில் வரும் என்றார்கள். அவரை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, நாற்காலியில் சாய்கிற வரைக்கும். பிறகு ஊசி போட்டார்கள், உதடு காணாமல் போனது. ஈறைக் கிழித்துத் திறந்தது தெரியவில்லை, உள்ளே சுரண்டியது மட்டும் காதுக்குள் கேட்டது, தோசைக்கல்லைச் சுரண்டுவது மாதிரி. கடைவாயின் பின்னாலிருந்து என் எலும்பையே துளித்துளியாக எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். விதை என்றார். பிறகு உறையைப் பிரித்தார். தையல்காரர்போல முதலில் ஒரு காகிதத்தில் அளவு வெட்டிப் பார்த்து, அதே அளவுக்குத் தாளை வெட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்தார். நனைந்ததும் அது காய்ச்சிய பாலின் ஆடைபோல ஆகிவிட்டது. இவ்வளவு பூஞ்சையான ஒன்றையா நானும் வாத்தியாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதை விதையின் மேல் போர்த்தி, ஈறை இழுத்து மூடித் தைத்து, மேலே இளஞ்சிவப்பில் சுண்ணாம்புபோல ஒரு பசையை அப்பினார். ஆடுகிற பற்களைக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டினார். மேஸ்திரி செய்த வேலைதான், கம்பிக்கு மட்டும் மிளகு வாடை இல்லை.

புகையிலை கூடாது. உதட்டை இழுத்துப் பார்க்கக் கூடாது. சில நாட்களுக்குப் பேச்சே கூடாது. புதன்கிழமை தவறாமல் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். முகவரி எழுதும் இடத்தில் காசியம்மாள் பேரிக்காய்த் தோட்டம், வில்பட்டி என்று நர்ஸ் எழுதினார்.

மறுநாள் காலை தோட்டத்தில் இருந்தேன். முகம் ஒரு பக்கம் மட்டும் பணக்காரன்போல வீங்கியிருந்தது. மரங்கள் பனியில் வரிசையாகச் சரிவில் இறங்கிப் போயின, ஒவ்வொரு கிளையும் காயின் பாரத்தில் வளைந்து. நடுவில் தகரம் வேய்ந்த ஒரு குடிசை. காசியம்மாள் பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றையும் ஒரு கம்பையும் கொடுத்தார். கிளி வந்தால், அணில் வந்தால், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் வந்தால் தட்ட வேண்டும். கத்த வேண்டியதில்லை. தூக்குச்சட்டியில் கஞ்சி கெடக்கு, ஆறவிட்டுக் குடி என்றார். போகும்முன் வாயைத் திறக்கச் சொல்லி, சிவப்புப் பசை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் திருப்தியானார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் ஆட்கள், மூட்டை முடிச்சு, ஒரு சேவல். டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏலத்தோட்டத்துக்கு ஆள் போறோம்ணே. ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. சோறு, கம்பளி எல்லாம் அங்கயே. வாறீகளா?"

ஏலக்காய் மலை நான் பார்த்ததில்லை. அந்த வாசனை பற்றிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னால் இருந்தவர்கள் எனக்காக ஒதுங்கி இடம்கூட விட்டார்கள். என் பை குடிசைக்குள் ஆணியில் தொங்கியது, எடுத்து வர ஒரு நிமிஷம் போதும். நாக்கு தன்னால் பசையைத் தொட்டுப் பார்த்தது. அதற்கடியில், இன்னும் வராத எலும்புக்காக அந்தத் தாள் உட்கார்ந்திருக்கும்.

பேசக் கூடாதென்பதால் கையை அசைத்தேன். டிரைவருக்குப் புரியவில்லை. ஊமை போலிருக்கு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஜீப் கிளம்பிப் போய் வளைவில் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

மேல்வரிசை மரங்களில் கிளிகள் வந்து இறங்கின. தகரத்தை எடுத்துத் தட்டினேன்.